கவுன்சிலர் எஸ்தர் போட்ட ஏலம்

எஸ்தரைக் கவுன்சிலர் ஆக்கியது கட்சி என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். அவளைக் கவுன்சிலர் ஆக்கியது அவளுடைய தொண்டை. முகத்துவாரக் குப்பத்தில் விடிகிற நேரத்துக்குப் படகுகள் கரை ஒதுங்கியதும், மீனை மணலில் கூறு கூறாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். ஏலம் கூறுகிறவள் எஸ்தர். ஒரு பக்கம் அலை இரையும், ஒரு பக்கம் காக்கைகள் கத்தும், வாங்க வந்த வியாபாரிகள் மீனுக்கு ஆளுக்கொரு குறை சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அத்தனைக்கும் மேலே அவள் "ஒரு தரம்" என்று குரல் எடுத்தால், அடையாற்றுப் பாலத்தில் போகிற பஸ்காரன் பிரேக் போடுவான் என்று குப்பத்தில் பேச்சு. கொஞ்சம் அளந்துவிடுகிறார்கள்தான். ஆனாலும் அந்தக் கரையில் மைக் தேவைப்படாத ஒரே ஆள் அவள்தான்.

ஏலம் முடிந்ததும் அவளும் தனக்கு வேண்டிய மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு பூங்காச் சாலைக்கு வந்துவிடுவாள். அந்தச் சாலையில் ஒரு பக்கம் மாநகராட்சிப் பூங்கா, எதிர்ப்பக்கம் ஸ்ரீசாகரம் அடுக்குமாடிக் குடியிருப்பு, நடுவே நடைபாதையோரம் வரிசையாக மீன் கடைகள். கடை என்றால் ஒரு மரப்பலகை, ஒரு குடை, ஒரு அரிவாள்மணை, அவ்வளவுதான். எல்லாக் கடையிலும் பெண்கள். பெசன்ட் நகரிலிருந்தும் சாஸ்திரி நகரிலிருந்தும் ஜனங்கள் ஸ்கூட்டரை ஓரம்கட்டி வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்று பேரம் பேசுவார்கள். மத்தியானம் வரை வியாபாரம் நடக்கும்.

இந்த வட்டம் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட செய்தி வந்த அன்று வட்டச் செயலாளர் பிரசாத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாலிபம் முழுவதையும் கொடி கட்டியே கழித்தவன். தலைவர்கள் வந்தால் ஆள் சேர்ப்பான், மழை வந்தால் சோற்றுப் பொட்டலம் கொடுப்பான், சாவு வந்தால் முதல் ஆளாக நிற்பான். கடைசியில் சீட்டு பெண்ணுக்கு. அவனுக்குக் கல்யாணமாகியிருந்தால் பெண்டாட்டியை நிறுத்திவிட்டுக் கவுன்சிலரின் புருஷன் என்கிற மாபெரும் பதவியில் உட்கார்ந்திருப்பான். அந்த யோகமும் இல்லை. ஆகவே குப்பத்து ஓட்டை அள்ளித் தரக்கூடியவளாகவும், தன் பேச்சைக் கேட்கக்கூடியவளாகவும் ஒருத்தியைத் தேடினான். எஸ்தரைப் பிடித்தான். முதல் கணக்கு சரி. இரண்டாவது கணக்கில்தான் கோட்டைவிட்டான்.

"அக்கா, நீ ஒண்ணியும் கவலப்படாத. கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான்.

"கையெழுத்து போடறதுக்கு இன்னாத்துக்குடா எலெக்‌ஷனு? ஒரு ரப்பர் ஸ்டாம்பு வாங்கி வெச்சிக்கோ" என்றாள் எஸ்தர்.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் சரி என்றாள். அதற்குக் காரணம் பக்கத்துக் கடை அந்தோணியம்மாள்.

அந்தோணியம்மாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. வாய் மட்டும் குறையவே இல்லை. அவளிடம் மீன் நல்லா இருக்குமா என்று கேட்டால், "நீ நல்லாகீறியா? அது மாரிதான்" என்பாள். அப்படிப்பட்டவள் அந்தக் கோடையில் ஒருநாள் சங்கராவைச் செதில் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே பலகை மேல் சாய்ந்துவிட்டாள். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் எஸ்தர். சிறுநீரகத்தில் கோளாறு என்றார்கள். டாக்டர் நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னார்.

"நெறைய தண்ணி குடிக்கணும்மா. வெயில்ல உக்காந்துகிட்டு இப்படிக் குடிக்காம இருக்கலாமா?"

"குடிக்கலாம் சார்" என்றாள் அந்தோணியம்மாள். "குடிச்சிட்டு எங்க போறது?"

டாக்டருக்கு அது முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் சீட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பூங்காச் சாலையில் பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஆம்பளைகளுக்குச் சுவர் இருக்கிறது. இவர்கள் இருட்டோடு கடற்கரையில் உடைந்துகிடக்கும் படகின் மறைவுக்குப் போய்வருவார்கள். வெளிச்சம் வந்து நடைப்பயிற்சிக்காரர்களும் வந்துவிட்டால் அதோடு சரி, மத்தியானம் வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்குப் போய்வரலாமே என்று கேட்கிறவர்கள் மீன் விற்றுப் பார்த்ததில்லை. கடையை விட்டுப் போனால் காக்கைக்குப் பாதி, பூனைக்குப் பாதி. போதாததற்குக் குப்பத்தின் மறுகோடியில் இருக்கும் பொதுக் கழிப்பறையில் எந்நேரமும் வரிசை. ஆகவே அந்தச் சாலையில் கடை போட்ட அத்தனை பெண்களும் கண்டுபிடித்த ஒரே வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

எஸ்தருக்கு அன்று ஆஸ்பத்திரி வாசலில் அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இத்தனை வருஷம் தானும் அப்படித்தானே இருந்திருக்கிறோம், ஒருநாள்கூட இது தப்பு என்று தோன்றவில்லையே என்று தன் மேலேயே வந்த கோபம். பிரசாத் வந்து கேட்டபோது அந்தக் கோபம் ஆறியிருக்கவில்லை. பூங்காச் சாலையில் ஒரு கழிப்பறை கட்ட வேண்டும். அதற்குக் கவுன்சிலர் ஆக வேண்டுமானால் ஆகிவிடுவது. அவளுடைய அரசியல் கொள்கை முழுவதும் இவ்வளவுதான்.

ஜெயித்தாள். குப்பம் மொத்தமாகப் போட்டது. அடுக்குமாடியிலும் மீன் வாங்குகிறவர்கள் போட்டார்கள். பதவியேற்பு முடிந்து வட்ட அலுவலகத்துக்கு முதல் நாள் போனபோது, கவுன்சிலர் நாற்காலியில் பிரசாத் உட்கார்ந்து யாருக்கோ போனில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். எதிரே ஒரு ஸ்டூல் காலியாக இருந்தது.

"பிரசாத்து, எய்ந்துரு. காலைலேர்ந்து நின்னுகினே மீன் வித்துட்டு வந்துகிறேன், கால் நோவுது" என்றாள், ஏலக்குரலில்.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரசாத் எழுந்துவிட்டான். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் அவன் உட்காரவில்லை. காலை வியாபாரத்தை அவளும் விடவில்லை. மீன் கடைக்கே வந்து குழாயில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று ஜனங்கள் சொல்வார்கள். செதிலைச் சுரண்டிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி அதிகாரிகளிடம் பேசுவாள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கழிப்பறை விஷயத்தில்தான் அவள் சறுக்கினாள். அதுவும் ஏலக்காரி ஒருத்தி செய்யவே கூடாத தப்பு.

ஏலத்தில் ஒரு முறை உண்டு. என்ன விலைக்கு விடுவேன் என்று விற்கிறவள் முன்கூட்டி வாய் திறக்கக் கூடாது. திறந்தால் போச்சு, வியாபாரிகள் ஓரமாகப் போய்க் கூட்டுச் சேர்ந்துகொள்வார்கள். அப்புறம் கூறு முன்னால் வந்து எல்லாரும் ஊமையாகி நிற்பார்கள், ஒருத்தன் மேலே கேட்க மாட்டான். இது எஸ்தருக்கு அத்துப்படி. ஆனால் அரசியல் என்றால் வேறு ஏதோ மரியாதையான காரியம், பெரிய மனுஷர்களிடம் முன்னதாகவே போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்துக்கொண்டாள். நல்ல புடவையாக ஒன்றை உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் ஸ்ரீசாகரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெங்கடரமணன் வீடு. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, அரசுப் பணியில் ஓய்வுபெற்று, கடல்காற்றுக்காக இங்கே வந்து சேர்ந்தவர். மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார். அவர் மனைவி வேம்பு காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"வாஸ்தவம்மா. பெண்களுக்கு டாய்லெட் வேணும்னு நானே சொல்லிண்டிருக்கேன். எங்க கட்டறதா உத்தேசம்?"

"ரெண்டு இடம் பாத்து வெச்சிகிறேன் சார். ஒண்ணு பார்க்கு மூலை. இல்லன்னா எங்காளுங்க வலை பின்ற கொட்டா பக்கத்துல."

வெங்கடரமணன் காபியைக் கீழே வைத்தார். "பார்க் மூலைன்னா எங்க கேட்டுக்கு நேர் எதிர்க்கன்னா? குழந்தைகள் விளையாடற இடம், காத்து இந்தப் பக்கம்தான் அடிக்கும். வலைக் கொட்டாயண்டை பேஷா கட்டலாமே."

"ஏம்மா, காலம்பற வந்தா மத்தியானம் வரைக்கும் எப்படித்தான் இருப்பேள்?" என்று வேம்பு கேட்டாள்.

"அப்பிடியேதான் மாமி" என்றாள் எஸ்தர்.

 வேம்பு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்து ஊர்த் தலைவர் தேசப்பன். குப்பத்தில் அரசாங்கம் சொல்வது ஒரு பக்கம், ஊர்க் கூட்டம் சொல்வது ஒரு பக்கம். ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆம்பளை. அதற்குத் தலைவர் தேசப்பன். எஸ்தரின் புருஷனுக்கு மாமன் முறை. அவள் கவுன்சிலர் ஆனதில் அவருக்குப் பெருமை உண்டு, அதே அளவுக்கு எரிச்சலும் உண்டு.

"வலைக் கொட்டா பக்கத்துலயா? இன்னாம்மா பேசற? ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தற எடம் அது. பார்க்கு மூலைலயே கட்டிக்கோ. அவங்களுக்குத்தான் எடம் கொட்டிக் கெடக்குது" என்றார்.

"அவங்க இங்க கட்டச் சொல்றாங்க மாமா."

"அப்பிடியா சொன்னாங்க?" என்று தேசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெங்கடரமணனும் தேசப்பனும் எதிரெதிரே வாழ்ந்தும் அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டவர்கள் இல்லை. அந்த வாரம் பேசிக்கொண்டார்கள். பூங்கா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதை மீன்காரப் பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். பேசி முடித்து இரண்டு பேரும் சேர்ந்தே மண்டல அலுவலகத்துக்குப் போய், கழிப்பறை கட்டாயம் வேண்டும், அதற்குப் பொருத்தமான இடம் ஆற்று முகத்துவாரத்துக் குப்பைமேடு என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கடைகளிலிருந்து குப்பைமேட்டுக்கு நடந்து போய்த் திரும்புவதற்குள் மீன் கருவாடாகிவிடும். ஆனால் கேட்பதற்கு நன்றாக இருந்தது. யாரும் கழிப்பறை வேண்டாம் என்று சொல்லவில்லையே.

மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் கையை விரித்தார். "மேடம், எங்க கட்டறதா இருந்தாலும் எனக்கு சம்மதம். பார்க் மூலைல தண்ணி, கழிவுநீர் லைன் எல்லாம் பக்கத்துலயே இருக்கு, சீக்கிரம் முடியும். ஆனா பகுதி சபையில ஆட்சேபணை இல்லன்னு ஒரு தீர்மானம் வேணும். ரெண்டு பக்கமும் சேந்து வந்து அங்க வேணாம்னு சொல்றாங்களே, நான் என்ன செய்யட்டும்?"

அவர்மேல் குற்றமில்லை. எஸ்தர் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தன்னைத்தானே வைதுகொண்டாள். வியாபாரி முகத்தைப் பார்த்தே மனசிலிருக்கும் விலையைச் சொல்கிறவள், இரண்டு கிழவர்களிடம் விலையைக் கையில் கொடுத்துக் கூட்டுச் சேரவிட்டுவிட்டாளே. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் நடையில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. கூட்டை உடைக்கவும் அவளுக்குத் தெரியும். கூட்டுச் சேர்ந்தவர்களிடம் கெஞ்சக் கூடாது. அவர்கள் பேசிவைத்த சரக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேசிவைக்காத சரக்கை முன்னால் போட வேண்டும்.

பகுதி சபை என்பது வட்டத்து ஜனங்கள் கூடித் தங்கள் தேவையைச் சொல்கிற கூட்டம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சமுதாயக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நடக்கும். ஞாயிறு காலைதான் மீன் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் என்பதால், மீன்காரப் பெண்களில் ஒருத்திகூட அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. இந்தத் தடவை கூட்டம் பூங்காச் சாலையில், மீன் கடைகளுக்கு நடுவிலேயே என்று எஸ்தர் அறிவித்துவிட்டாள்.

"அக்கா, நாத்தமா கீதுன்னு அவங்கள்லாம் வரமாட்டாங்க" என்றான் பிரசாத்.

"பாதி பேரு பையோட வருவாங்க, பாரு" என்றாள்.

பையோடுதான் வந்தார்கள். பிரசாத் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஸ்ரீசாகரத்துக்காரர்கள் கைக்குட்டையும் மீன் பையுமாக உட்கார்ந்தார்கள். வெங்கடரமணன் முன்வரிசையில், பக்கத்தில் வேம்பு. தேசப்பனும் குப்பத்து ஆம்பளைகளும் உட்கார மறுத்துக் கைகட்டி நின்றார்கள். உதவிப் பொறியாளர் குடைக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தார். தெருநாய், தெருவிளக்கு, கொசு என்று வழக்கமான விஷயங்கள் ஓடி முடிந்தன. கடைசியாகக் கழிப்பறை.

வெங்கடரமணன் எழுந்தார். "இதுல விவாதமே தேவையில்லை. நாங்களும் ஊர்க்காராளும் கலந்து பேசிண்டாச்சு. முகத்துவாரத்துல கட்டறதுல எங்க ரெண்டு தரப்புக்கும் பரிபூரண சம்மதம்."

தேசப்பன் தலையை ஆட்டினார். அடுக்குமாடியும் குப்பமும் ஒன்றாகச் சம்மதித்தது அந்த வட்டத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவை. கைதட்டல்கூடக் கேட்டது.

எஸ்தர் மைக்கை எடுத்துப் பிரசாத் கையில் கொடுத்தாள். புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"சரி. எடம் பேச்சு வுட்டுடலாம். நான் கேக்கல. அந்தோணியம்மா, இங்க வா."

அந்தோணியம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னாடி?" என்றாள்.

"சும்மா நில்லு." எஸ்தர் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "இந்தம்மாகிட்ட மீன் வாங்காதவங்க யார்னா கீறீங்களா? மாமி வூட்டுக்காரங்க தவுத்து? இல்ல. எல்லார்க்கும் தெரிஞ்சவங்க. விடிகாலைல வந்தா மத்தியானம் வரிக்கும் இங்கதான் குந்திகினு இருக்குது. நடுவுல ஒருவாட்டி போவணும். ஒரேவாட்டி. கக்கூஸு கட்டிமுடிக்கிற வரிக்கும் தெனம் உங்க வூட்டுக்கு வருது. யாரு வூட்டுக்கு வரட்டும்? கதவத் தொறக்கிறவங்க சொல்லுங்க. ஏலம் வுட்டுட்டேன்."

இந்தச் சரக்கைப் பற்றி யாரும் யாரிடமும் பேசி வைத்திருக்கவில்லை. ஸ்ரீசாகரத்துக்காரர்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். குப்பத்து ஆம்பளைகள் கடலைப் பார்த்தார்கள். வாரா வாரம் அந்தோணியம்மாளிடம் "அக்கா, நல்லதா போடுங்க" என்று குழைகிற ஒருவர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"ஒரு தரம்" என்றாள் எஸ்தர்.

அவள் குரல் ஸ்ரீசாகரத்தின் மேல்மாடி வரை போனது. பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். அந்தோணியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் எதற்கும் வெட்கப்பட்டு யாரும் பார்த்ததில்லை.  அதைப் பார்த்தபோது, தப்புச் செய்கிறோமோ என்று எஸ்தருக்கே ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏலத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் நிறுத்த முடியாது.

"ரெண்டு தரம்."

"எங்காத்துக்கு வரட்டும்."

வேம்பு எழுந்து நின்றிருந்தாள். வெங்கடரமணன் மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

"என்னது?"

"நம்மாத்துக்கு வரட்டும்னேன். லிஃப்ட் இருக்கு, ரெண்டாவது மாடிதானே. தினம் வரட்டும். இவ ஒருத்தி மட்டுமில்லை, அத்தனை பேரும் வரட்டும். காபியும் போட்டுத் தரேன்" என்றாள் வேம்பு. 

"எனக்கு லிப்டுன்னா பயம் மாமி" என்றாள் அந்தோணியம்மாள்.

யாரோ சிரித்தார்கள், கூட்டம் முழுவதும் சிரிப்புப் பரவியது. தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்கூர்ப் பொம்பளங்க மாடி வூடு மாடி வூடா ஏறி எறங்கறதா? ஊரு மானம் இன்னாத்துக்கு ஆவறது? வோணாம். வலைக் கொட்டா பக்கத்துலயே கட்டிக்கோ, நான் சொல்றேன். அம்மன் ஒண்ணியும் கோச்சிக்காது!"

கூட்டு உடைந்துவிட்டது. ஒருத்தர் வாய் திறந்துவிட்டால் அடுத்தவர் சும்மா இருக்க முடியாது. மீனானாலும் மானமானாலும் அது அப்படித்தான். வெங்கடரமணன் லிஃப்ட்டில் கூடையோடு நிற்கும் வரிசையை மனக்கண்ணில் பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. மனைவியின் முகத்தையும் இன்னொரு தடவை பார்த்தார். பார்த்ததில் வேறு ஏதோவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் பேசியபோது செயலாளர் தோரணை இல்லை.

"பார்க் மூலையிலேயே கட்டிடுங்கோ" என்றார். "தண்ணி லைன் அங்கதான் இருக்கு. கதவை மட்டும் கடல் பக்கம் பார்த்து வெச்சுட்டா போறும்."

"பார்க்கு மூலை!" என்று எஸ்தர் குரல் எடுத்தாள். "வலைக் கொட்டாயத் தாண்டி பார்க்கு மூலை! வேற யார்னா கீறீங்களா? மூணு தரம்!"

ஏலத்தில் மூன்று தரம் சொல்லி முடித்தால் அப்பீல் கிடையாது. குப்பத்தில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். உதவிப் பொறியாளர் குடைக்கு வெளியே வந்து தீர்மானத்தை எழுதிக்கொண்டார். அந்தோணியம்மாள் திரும்பக் கடைக்குப் போகும்போது எஸ்தரின் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலிக்கிற அடிதான்.

"என்ன நடுத்தெருவுல நிக்கவெச்சிட்டியேடி" என்றாள்.

"தப்புதான். மன்னிச்சிக்கோ."

"மன்னிக்கல்லாம் மாட்டேன். சீக்கிரம் கட்டு."

மழைக்கு முன்னாலேயே கட்டி முடித்துவிட்டார்கள். நீலக் கதவு, வெள்ளை ஓடு, உள்ளே குழாய், வெளியே கை கழுவத் தொட்டி, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. வர்ணம் காய்வதற்குள் பிரசாத் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாவட்டத்திலிருந்து கட்சித் தலைவர் வந்து திறந்துவைக்க வேண்டும். தேதி கேட்டிருக்கிறது.

"எப்ப வருவாரு?" என்று எஸ்தர் கேட்டாள்.

"கேட்டுகினேதான் கீறேன். அவருக்கு ஆயிரம் வேல. ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சிக்கோக்கா. அவுரு வர்றதுக்கு முன்னாடி யாருனா உள்ள பூந்தாங்கன்னு தெரிஞ்சுது, அடுத்தவாட்டி உனக்கு சீட்டு கெடையாது. எனக்கும் கட்சில எடம் கெடையாது."

எஸ்தர் சரி என்று தலையை ஆட்டினாள். தேதி வரவில்லை. கல்யாண முகூர்த்தம் என்றார்கள், அப்புறம் தலைவருக்குக் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் மழை என்றார்கள். வருகிற தேதியெல்லாம் தள்ளிப்போயிற்று, ரிப்பன் வெயிலிலும் மழையிலும் வெளுத்துப்போயிற்று. தினமும் இரண்டு தரம் வந்து ரிப்பன் அவிழாமல் இருக்கிறதா, பூட்டுத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவான் பிரசாத். ஒரு தரம் மாலையில், ஒரு தரம் அவன் தூங்கி எழுந்து டீ குடித்த பிறகு, அதாவது மத்தியானம்.

ஒருவழியாகத் தேதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மேளம், பட்டாசு, பிரம்மாண்டமான பேனர். பேனரில் தலைவர் பெரிதாக, பிரசாத் நடுத்தரமாக, எஸ்தர் ஒரு ஓரத்தில் தபால்தலை அளவுக்கு. தலைவர் வெள்ளை வேட்டியில் இறங்கினார். சால்வை போட்டார்கள். வெங்கடரமணன் ஒரு வரவேற்புரை வாசித்தார், தேசப்பன் ஒரு மாலை போட்டார். பிரசாத் தட்டில் கத்தரிக்கோலை வைத்து நீட்டினான். போட்டோக்காரர் எல்லாரையும் நெருக்கமாக நிற்கச் சொன்னார். தலைவர் கத்தரிக்கோலை ரிப்பனுக்கு அருகில் கொண்டுபோனார்.

அப்போதுதான் பிரசாத் கதவைப் பார்த்தான். பூட்டு இல்லை.

அவன் சட்டைப் பையைத் தடவினான். சாவி பத்திரமாக இருந்தது. பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும் என்பதும், இரண்டாவதை ஒப்பந்தக்காரர் முறைப்படி கவுன்சிலரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார் என்பதும் அந்தக் கணம் வரை அவன் மண்டையில் உறைக்கவில்லை. எஸ்தர் பக்கம் திரும்பினான். எஸ்தர் நேராகப் போட்டோக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. அந்தோணியம்மாள் ஈரக் கையை உதறிக்கொண்டே நிலைப்படியில் வந்து நின்றாள். மூக்குக்கு நேரே ரிப்பன், ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தலைவர், தலைவர் கையில் கத்தரிக்கோல். மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான்.

தலைவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "யாரும்மா இதத் தொறந்துவிட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றாள் எஸ்தர். மைக் இல்லாமலே ஸ்ரீசாகரத்துப் பால்கனி வரை கேட்டது. "கட்டி முடிச்ச மறுநாளே தொறந்துட்டேன்."

பிரசாத் கண்ணை மூடிக்கொண்டான். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தோணியம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இன்னா பாத்துகினு கீற? வெட்டு நைனா, சீக்கிரம் வெட்டு" என்றாள். "தெனம் இதுக்குக் கீய குனிஞ்சு குனிஞ்சு பூந்து என் இடுப்பே போச்சு."